கவலை தந்த நோய்க்குக் கணக்கு யாரிடம்?

“ஈமான் உள்ளவனுக்குக் கவலை ஏன்?” நோயாளியின் கட்டிலருகே நின்று நம்மில் எத்தனை பேர் இப்படிக் கேட்டிருக்கிறோம்! இரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது, உறக்கம் போய்விட்டது, சர்க்கரை அடங்கவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஒருவர் மருத்துவரிடம் போகிறார். அவர் சோதித்துப் பார்த்துவிட்டு, “மனத்தில் பெரிய கவலை ஏதும் உண்டா?” என்று கேட்கிறார். வீடு திரும்பியதும் உறவினர் கூடுகிறார்கள். “ஸப்ரு செய். அல்லாஹ்வின் மீது பாரத்தைப் போடு. உனக்குத் தவக்குல் இருந்தால் இந்த நோய் வந்திருக்குமா?” என்று அறிவுரை பொழிகிறார்கள். அவருக்கு முன்பு இருந்தது ஒரு கவலை. இப்போது தம் ஈமானே பழுதாகிவிட்டதோ என்ற இரண்டாவது கவலையும் சேர்ந்துகொள்கிறது.

இவ்விஷயத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. கவலையால் உடல் நோயுறுவது ஈமானின் குறையா என்பது முதலாவது. அந்தக் கவலையை உண்டாக்கியவர் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர் ஆவாரா என்பது இரண்டாவது. முதல் கேள்வியை நாம் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதை அநேகமாகக் கேட்பதே இல்லை. மார்க்கமோ இரண்டாவது கேள்வியில்தான் நம்மைக் கடுமையாக நிறுத்தி விசாரிக்கிறது.

உடலுக்குள் நடப்பது

அழகர்மலை அடிவாரத்தில் குரங்குகளைப் பார்க்காதவர் இரார். மரத்தடியில் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒரு நாய் பாய்ந்துவிட்டால், கண் இமைக்கும் நேரத்தில் எல்லாக் குரங்குகளும் கிளை மீது இருக்கும். அந்த வேகம் எங்கிருந்து வந்தது? மூளை ஆபத்தை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேல் சிறு தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு ஆணை போகிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இருதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது, ஈரலில் சேமித்து வைத்த சர்க்கரை இரத்தத்தில் இறங்குகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, இரைப்பை தன் வேலையை ஒத்தி வைக்கிறது. சற்றுப் பின்னால் கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு வந்து, இரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார் செய்யும் இவ்வேற்பாட்டை அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1915-ல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். படைத்தவன் உயிர்களைக் காப்பதற்கென்று வைத்த பேரருள் இது.

நாய் போய்விட்டால் குரங்கு இறங்கி வந்து மறுபடியும் பேன் பார்க்கத் தொடங்கிவிடும். சுரந்தது வற்றிவிடும், உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மனிதனின் நிலை அப்படியில்லை. கள்ளந்திரி வரை பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம். அந்த ஒரு போகத்துக்கும் கால்வாயில் தண்ணீர் எப்போது திறப்பார்கள், கடைமடை வரை வருமா, கதிர் முற்றும் வரை நிற்குமா என்று எண்ணிக்கொண்டே பாயில் சாயும் விவசாயிக்கு எதிரே நாய் எதுவும் இல்லை. ஆயினும் அவருடைய உடல், நாய் எதிரே நிற்பதாகவே கொண்டு சுரக்கிறது. நாளைக் காலையில் வாசலில் வந்து குரல் கொடுக்கப் போகும் கடன் கொடுத்தவரை நினைத்தாலும் அதே சுரப்பு. மணமாகிப் போன மகளின் கண்ணீரை நினைத்தாலும் அதே சுரப்பு. ஒரு நாழிகைக்கென்று அமைந்த ஏற்பாடு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றி வேலை செய்தால் உடல் என்ன ஆகும்?

1936-ல் கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர், எலிகளைக் குளிர், காயம், அளவுக்கு மிஞ்சிய உழைப்பு எனப் பலவகைத் துன்பங்களுக்கு உட்படுத்திப் பார்த்தார். துன்பம் எதுவானாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, நோயை எதிர்க்கும் உறுப்புகள் சுருங்கியிருந்தன, இரைப்பையில் புண் கண்டிருந்தது. மன அழுத்தம் பற்றிய இன்றைய ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கமாயிற்று.

பின்னர் மனிதர்களிடமும் சோதித்தார்கள். 1991-ல் பிரிட்டனில் 394 பேருக்குச் சளிக் கிருமிகளை மூக்கில் விட்டுப் பார்த்தபோது, மன அழுத்தம் மிகுந்திருந்தவர்களே அதிகமாகச் சளி பிடித்துப் படுத்தார்கள். 1995-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு நம் குடும்பப் பெண்கள் அவசியம் அறிய வேண்டியது. மறதி நோய் கண்ட உறவினரை நெடுங்காலமாகப் பராமரித்து வந்த 13 பெண்களின் கையிலும், அத்தகைய சுமை இல்லாத 13 பெண்களின் கையிலும் ஒரே அளவான சிறு காயத்தை உண்டாக்கி ஆறவிட்டார்கள். சுமை சுமந்த பெண்களுக்குக் காயம் ஆற ஏறத்தாழ ஒன்பது நாட்கள் அதிகம் பிடித்தன. 2004-ல் வெளியான, நம் நாடு உட்பட 52 நாடுகளில் நடந்த பெரும் ஆய்வில், மாரடைப்பு கண்டவர்களிடம் அதற்கு முந்திய காலத்தில் வீட்டிலோ வேலையிலோ தொடர்ந்த மன அழுத்தம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது தெரிய வந்தது. பெருந்துயரம் தாக்கிய வேளையில் இருதயத்தின் ஒரு பகுதி திடீரென்று பலூன் போல் ஊதிவிடும் ஒரு நோயையும் ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் விவரித்தார்கள்.

இதில் எல்லை மீறிப் பேசுவதும் கூடாது. இரைப்பைப் புண் முழுக்க முழுக்கக் கவலையால் வருவது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1982-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் இருவர் அதற்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்று கண்டறிந்தார்கள். 2005-ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். ஆகவே எந்த நோயைக் கண்டாலும் “எல்லாம் உன் மனசுதான்” என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நீடித்த கவலை உடலை அரிக்கிறது என்பதில் இன்று ஐயம் இல்லை. நம் முன்னோருக்கும் இது புதிய செய்தியன்று. ஹிஜ்ரி 322-ல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக வைத்து எழுதினார். ஒன்று நோயுற்றால் மற்றதும் நோயுறும் என்பதை மருத்துவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

கண்ணொளி இழந்த நபி

இனி முதல் கேள்விக்கு வருவோம். கவலையால் உடல் நோவது ஈமானின் குறையானால், நபிமார்களைப் பற்றி நாம் என்ன சொல்லப் போகிறோம்?

ஹஜ்ரத் யஃகூப் (அலைஹிஸ்ஸலாம்) அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். அருமை மகன் யூசுஃப் (அலை) அவர்களைச் சகோதரர்கள் கிணற்றில் போட்டுவிட்டு, ஓநாய் தின்றுவிட்டதாகத் தந்தையிடம் வந்து அழுதார்கள். அழகிய பொறுமையை மேற்கொள்வதாகத் தந்தை கூறினார்கள். ஆண்டுகள் உருண்டன. இளைய மகனும் எகிப்தில் நிறுத்தி வைக்கப்பட்ட செய்தி வந்தபோது பழைய புண் மீண்டும் திறந்தது. துக்கத்தை விழுங்கி விழுங்கி அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று இறைமறை கூறுகிறது. பொறுமையை மேற்கொண்ட நபிக்கே துயரத்தால் கண்ணொளி மங்கியது. அவர்களின் ஈமானில் குறை காணத் துணிபவர் யார்? பொறுமை உள்ளத்தில் இருக்கும். நோய் உடலில் இருக்கும். ஒரே மனிதரிடம் இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இவ்வரலாற்றில் இன்னொரு செய்தி உண்டு. பலர் அதை ஓதிக் கடந்து போய்விடுகிறார்கள். கண் வெளுத்த தந்தையைப் பார்த்து, யூசுஃபையே நினைத்து நினைத்து நீங்கள் நலிந்து அழிந்து போவீர்கள் என்று கடிந்துகொண்டவர்கள் யார்? அவரைக் கிணற்றில் போட்ட அதே மக்கள்! காயம் உண்டாக்கியவர்களே, ஏன் இன்னும் வலிக்கிறது என்று கேட்டார்கள். யஃகூப் (அலை) அவர்கள், தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக மறுமொழி கூறினார்கள். கடைசியில் யூசுஃப் (அலை) அவர்களின் சட்டை முகத்தில் போடப்பட்டதும் பார்வை திரும்பியது. அப்போதுதான் மக்கள் தந்தையிடம் வந்து, தாங்கள் தவறிழைத்தவர்கள் என்று ஒப்புக்கொண்டு, தங்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படி வேண்டினார்கள். நோயாளியின் கட்டிலருகே நிற்கும் நாம், அந்த மக்களின் முதல் பேச்சைப் பேசுகிறோமா, கடைசிப் பேச்சைப் பேசுகிறோமா என்று சிந்திக்க வேண்டும்.

நம் கண்மணி நாயகம் (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியதும் இருதயம் நடுங்க இல்லம் திரும்பி, தம்மைப் போர்த்தும்படி கேட்டார்கள். அன்னை கதீஜா (ரலியல்லாஹு அன்ஹா) அவர்கள் அந்த நேரத்தில் கேள்விகளை அடுக்கவில்லை. முதலில் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்து, நடந்ததை நபிகளார் எடுத்துரைத்த பிறகுதான் பேசினார்கள். அப்போதும் அவர்களின் நற்குணங்களை, உறவைப் பேணியதை, ஏழைக்கு உதவியதை, விருந்தினரை உபசரித்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, இப்படிப்பட்டவரை அல்லாஹ் ஒருபோதும் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். பின்பு, விவரம் அறிந்தவரான வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள். அஞ்சி நடுங்குபவருக்குச் செய்ய வேண்டிய முறை முழுவதும் இதில் அடங்கிவிட்டது: உடலுக்கு முதலில் இதம், பிறகு அவருடைய நன்மையை நினைவூட்டும் சொல், பிறகு அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுதல்.

அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, ‘துயர ஆண்டு’ என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. அருமைக் குழந்தை இப்ராஹீம் மறைந்தபோது நபிகளாரின் கண்கள் கண்ணீர் உகுத்தன. தாங்களுமா அழுகிறீர்கள் என்று ஒரு தோழர் வியந்து கேட்டபோது, இது இரக்கம் என்றும், கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் இறைவனுக்கு உவப்பில்லாத சொல் நாவில் வராது என்றும் விளக்கம் தந்தார்கள். ஸப்ரின் எல்லைக்கோடு இதுவே. அழாமல் இருப்பதும், நெஞ்சு கல்லாவதும் ஸப்ரு ஆகா. வருத்தம் வந்த நேரத்தில் ரப்பை விட்டு விலகாமல் இருப்பதே ஸப்ரு.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட தீர்ப்பு

இப்போது இரண்டாவது கேள்வி. ஒருவரைத் தொடாமலே, அச்சத்தாலும் கவலையாலும் மட்டும் அவர் உடலுக்குக் கேடு விளைவித்தால், அதற்கு மார்க்கத்தில் கணக்கு உண்டா?

ஹஜ்ரத் உமர் (ரலியல்லாஹு அன்ஹு) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நிகழ்ந்ததாக ஒரு சம்பவம் அறிவிக்கப்படுகிறது. கணவர் வெளியூர் சென்றிருந்த ஒரு பெண்ணைப் பற்றிப் புகார் வந்தது. கலீஃபா அவரை அழைத்து வர ஆள் அனுப்பினார்கள். அப்பெண் கர்ப்பிணி. உமர் (ரலி) அவர்கள் அழைக்கிறார்கள் என்றதுமே அவருக்கு உடல் நடுங்கிவிட்டது. வழியிலேயே பிரசவ வேதனை கண்டு, ஒரு வீட்டுக்குள் ஒதுங்கினார். குழந்தை பிறந்து, இருமுறை அழுதுவிட்டு இறந்துபோயிற்று.

கலீஃபா அவர்கள் நபித்தோழர்களை அழைத்து ஆலோசனை கேட்டார்கள். தாங்கள் ஆட்சியாளர், ஒழுங்குபடுத்துவது தங்கள் கடமை, ஆகவே தங்கள் மீது எதுவும் இல்லை என்று சிலர் கூறினார்கள். அலீ (ரலியல்லாஹு அன்ஹு) அவர்கள் மௌனமாக இருந்தார்கள். உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்திக் கேட்டபோதுதான் வாய் திறந்தார்கள். இவர்கள் தங்கள் கருத்தைக் கூறியிருந்தால் அக்கருத்து தவறு. உங்களை மகிழ்விக்கக் கூறியிருந்தால் உங்களுக்கு நலம் நாடியவர்கள் ஆகமாட்டார்கள். அப்பெண்ணைத் திடுக்கிடச் செய்தது நீங்கள், ஆகவே குழந்தையின் தியத் எனும் ஈட்டுத்தொகை உங்கள் மீதே என்பது அவர்களின் தீர்ப்பு. உமர் (ரலி) அவர்கள் மறுக்கவில்லை. அந்த ஈட்டுத்தொகையைத் தம் குலத்தார் மீது பங்கிடும்படி அலீ (ரலி) அவர்களிடமே ஒப்படைத்தார்கள்.

இதன் அறிவிப்பாளர் தொடரில் இடைவெளி உண்டு என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் குறிப்பிடுவார்கள். விவரங்களில் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆயினும் ஷாஃபிஈ, ஹம்பலி மத்ஹபுகளின் சட்ட நூல்கள் இதை எடுத்தாண்டு, அச்சுறுத்தலால் விளையும் கேட்டுக்குப் பொறுப்பு உண்டு என்று விவாதித்திருக்கின்றன. உமர் (ரலி) அவர்கள் அடிக்கவில்லை, தள்ளவில்லை, நேரில் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. ஆள் அனுப்பினார்கள், அவ்வளவே. அதுவும் கடமையைச் செய்யும் நோக்கத்தில். அப்படியிருந்தும் கணக்குக் கேட்கப்பட்டது. அட்ரினலின் என்ற பெயரை உலகம் அறியாத காலத்தில், அச்சம் உடலைக் காயப்படுத்தும் என்பதையும், அக்காயத்துக்கு ஒரு பொறுப்பாளி உண்டு என்பதையும் நம் முன்னோர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள்.

சிறிய விஷயத்திலும் இதே நிலைதான். ஒரு பயணத்தில் தோழர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் அவரிடமிருந்த கயிற்றை எடுக்கப் போக, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகுமானதல்ல என்று நபிகளார் அப்போது அறிவித்தார்கள். ஒரு கயிற்றுக்காக வந்த அதிர்ச்சிக்கே இந்த எச்சரிக்கை என்றால், ஆண்டுக்கணக்கில் ஒருவரை உறங்கவிடாமல் செய்பவரின் நிலை என்ன?

விதி என்று தப்பலாமா?

இங்கே ஒருவர் ஆட்சேபிக்கலாம். “நோயும் சுகமும் அல்லாஹ்வின் கையில். அவருக்கு மாரடைப்பு வர வேண்டும் என்பது விதி, வந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவருடைய நெஞ்சு பலவீனமானது; அதற்கு நானா பொறுப்பு?”

நோய் அல்லாஹ்வின் நாட்டப்படியே வருகிறது என்பது நம் அகீதா. அதில் மாற்றம் இல்லை. ஆனால் விதியின் மீதுள்ள நம்பிக்கை, பாதிக்கப்பட்டவர் ஆறுதல் பெறுவதற்கு உரியது. பாதிப்பை உண்டாக்கியவர் ஒளிந்துகொள்வதற்கு அது இடம் தராது. யூசுஃப் (அலை) அவர்கள் கிணற்றில் விழுந்ததும் விதிதான். எகிப்தின் கருவூலத்துக்கு அவர்கள் பொறுப்பேற்றதற்கு அதுவே வழியாகவும் அமைந்தது. எனினும் சகோதரர்கள் அதைச் சொல்லித் தப்பிக்கவில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பலவீனத்தைக் காட்டித் தப்பவும் வழியில்லை. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் நிலை மென்மையானது என்ற காரணத்தால் உமர் (ரலி) அவர்கள் மீதான பொறுப்பு நீங்கவில்லை. எதிரில் இருப்பவர் எவ்வளவு தாங்குவார் என்று பார்த்துச் சுமை ஏற்றுவதே நீதி.

நம் கைகளைப் பார்ப்போம்

நபிகளார் வழக்கமாகக் கேட்டுவந்த ஒரு துஆவை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எட்டு விஷயங்களிலிருந்து அதில் பாதுகாவல் தேடப்படுகிறது. வருங்காலத்தைப் பற்றிய கவலை, சென்றதைப் பற்றிய துயரம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம் ஆகிய ஆறும் உள்ளத்தோடும் உடலோடும் சேர்ந்தவை. கடைசி இரண்டோ வெளியிலிருந்து வருபவை: கடனின் சுமை, மனிதர்களின் அடக்குமுறை. கவலையில் தொடங்கிய துஆ, கவலை உண்டாக்கும் மனிதர்களில் வந்து முடிகிறது. அந்த மனிதர்களின் வரிசையில் நாம் நிற்கிறோமா என்று பார்க்க வேண்டாமா?

முதலில் கடன். நம் மாநிலத்தில் 2003-ல் இயற்றப்பட்ட கொடும்வட்டித் தடைச் சட்டத்தில் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். அத்தனை பெயர் வைக்கும் அளவுக்கு இந்தக் கொடுமை இங்கே வேரூன்றி இருந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டித் தொல்லையால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே தீயில் மாண்டது. கடனை வசூலிக்க மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது. வட்டி வாங்குவது ஹராம் என்று நாம் அறிவோம். வட்டியில்லாமல் கொடுத்த கடனிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுங்கள் என்பது அல்-பகரா அத்தியாயத்தின் கட்டளை. ஜமாஅத்தார் முன்னிலையில் ஒருவரை நிறுத்திக் கேட்பதும், மனைவி மக்கள் காதுபட வாசலில் நின்று ஏசுவதும், தொலைபேசியில் இரவு பகலாக விரட்டுவதும் நம் பணத்தைத் திருப்பித் தரலாம். அவருடைய உறக்கத்தைத் திருப்பித் தாரா. கடன் வாங்குபவரும், பெருமைக்காக வலீமா விருந்தைப் பெரிதாக்கக் கடன்பட்டுவிட்டு, பிறகு அதன் சுமையை மனைவி மக்களின் தலையில் இறக்கக்கூடாது.

அடுத்து, கைக்கூலி. மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய மார்க்கத்தில் பிறந்துவிட்டு, பெண் வீட்டாரிடம் நகையும் ரொக்கமும் பேசுகிறோம். பெண்ணைப் பெற்ற தந்தை நான்கைந்து ஆண்டுகள் இரவில் கணக்குப் போட்டுக்கொண்டே கிடக்கிறார். நிக்காஹ் முடிந்த சில காலத்தில் அவருக்குச் சர்க்கரை என்கிறார்கள், இருதயம் என்கிறார்கள். “வயதானால் வருவதுதானே” என்று சம்பந்தி வீட்டார் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். எல்லா நோயும் அப்படி வந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் அந்த இரவுகளில் நம் பங்கு எவ்வளவு என்பது நமக்கும் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும்.

பிறகு, வீட்டுக்குள் இருக்கும் நாவு. எவருடைய நாவிலிருந்தும் கரத்திலிருந்தும் பிறர் பாதுகாப்புப் பெறுகிறார்களோ அவரே முஸ்லிம் என்ற கருத்தை உணர்த்திய நபிகளார், கரத்துக்கு முன்பாக நாவைக் கூறினார்கள். மருமகளை நாள்தோறும் குத்திக் காட்டும் மாமியார், வயதான தாயை ‘இன்னும் உயிரோடு இருக்கிறாயே’ என்ற பார்வையால் வாட்டும் மகன், வளைகுடாவில் வேலை செய்யும் மகனிடம் நலம் விசாரிக்கும் முன்பே பணக் கணக்கைத் தொடங்கும் குடும்பம், மதிப்பெண் குறைந்தால் பிள்ளையை ஊரார் முன் இழிவுபடுத்தும் தந்தை, இவர்கள் யாரும் கையை ஓங்குவதில்லை. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெண்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் கூடியதே, அதைக் கூட்டியது எந்தக் கரம்? உள்ளே இருந்த சுமைதானே! நம் வீட்டில் படுத்த படுக்கையான பெரியவரை ஒரே ஒரு மருமகள் மட்டும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்வது மற்றவர்கள் காட்டும் பெருந்தன்மை அன்று. அவள் உடலுக்கு அவர்கள் செலுத்த வேண்டிய ஹக்கு.

மரணம் நிகழ்ந்த வீட்டையும் சொல்ல வேண்டும். மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர்களின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்து அனுப்பும்படி நபிகளார் பணித்தார்கள். துக்கம் அவர்களைத் தங்களைக் கவனிக்க விடாது என்பதே காரணம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், குடும்பத்தில் ஒருவர் மறைந்தால், வந்தவர்கள் கலைந்து சென்ற பின் வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சச் செய்து வீட்டாருக்குக் கொடுப்பார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளித்துத் துயரத்தில் சிறிது போக்கும் என்று நபிகளார் கூறக் கேட்டதாக அறிவித்தார்கள். நாமோ மய்யித்து வீட்டில் பந்தி எதிர்பார்க்கிறோம். துக்கத்தோடு கடனையும் சேர்த்துச் சுமத்திவிட்டுத் திரும்புகிறோம்.

நோயுற்ற சகோதர சகோதரிகளுக்கு

கவலையால் நலிந்த சகோதரரே, சகோதரியே! உங்கள் நோயை உங்கள் ஈமானின் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். தொழுகையை விடாதீர்கள், மனம் பாரமான வேளையில் நபிகளார் தொழுகையின் பக்கமே விரைந்தார்கள். துஆவை விடாதீர்கள், யஃகூப் (அலை) அவர்களைப் போல் அல்லாஹ்விடம் முறையிடுங்கள். அதோடு நம்பிக்கையான ஒருவரிடம் மனம் திறந்து பேசுங்கள், இஷாவுக்குப் பிறகு காலத்தோடு உறங்குங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள். மருந்து உண்பது தவக்குலுக்கு மாறு என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். கொள்ளை நோய் பரவிய ஷாம் நாட்டு ஊருக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து அவனுடைய விதியின் பக்கமே செல்வதாக விளக்கினார்கள். நோயும் அவன் விதி. மருந்தும் அவன் விதி.

மனநோய் முற்றியவரைக் கட்டிப் போட்டு வைப்பது நோன்பும் அன்று, நேர்ச்சையும் அன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதியின் கூரைக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் அமானிதம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாறு சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. தன் உயிரை மாய்க்க முயன்றவரைத் தண்டிக்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதிச் சிகிச்சை தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. தற்கொலை ஹராம், அதில் ஐயம் இல்லை. அந்த விளிம்பில் நிற்பவரைப் பழித்துத் தள்ளுவது நமக்கு ஹலால் என்று அதற்குப் பொருளில்லை. அப்படிப்பட்ட எண்ணம் எவருக்கேனும் வந்தால், தனியே விடாமல் அருகில் இருங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெறலாம்.

உடல் அல்லாஹ்வின் அமானிதம். நம் உடல் நம்மிடம் உள்ள அமானிதம் என்பதை மட்டும் பேசி வந்தோம். நம்மோடு வாழ்பவர்களின் உடலும் ஓரளவுக்கு நம் கையில் உள்ள அமானிதமே. நம் சொல்லால் அவர்களின் இரத்தம் கொதிக்கலாம். நம் சொல்லால் அது அடங்கவும் செய்யலாம். இன்றிரவு படுக்கும் முன், நம்மால் எவரேனும் உறங்காமல் கிடக்கிறாரா என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். அப்படி ஒருவர் நினைவுக்கு வந்தால், கடனாக இருந்தால் அவகாசம் கொடுப்போம்; சொல்லாக இருந்தால் மன்னிப்புக் கேட்போம்; சுமையாக இருந்தால் ஒரு பக்கம் நாம் பிடிப்போம். ஈட்டுத்தொகையை உலகிலேயே செலுத்திவிடுவது, தீனாரும் திர்ஹமும் செல்லாத நாளில் நம் நன்மைகளிலிருந்து எடுத்துக் கொடுப்பதைவிட இலகுவானது.

யா அல்லாஹ்! கவலையை விட்டும், துயரத்தை விட்டும், கடன் சுமையை விட்டும், மனிதர்களின் கொடுமையை விட்டும் எங்களைக் காப்பாயாக! எங்களால் பிறருக்குக் கவலை உண்டாகாமலும் எங்களைக் காப்பாயாக! ஆமீன்.